அம்மாவும் சீன அன்ரியும் உட்காராத கதிரைகள்

நாங்கள் ஹம் நகரத்துக்கு அகதிகளாக வந்த இரண்டாம் வருடம் நான் நாலாம் வகுப்பு. ஜெர்மனியில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கிம்னாசியம் என்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனால் பல்கலைக்கழகம். மற்றப் பக்கம் போனால் ஏதாவது கைத்தொழில். என் ரீச்சர் யோசிக்காமல் மற்றப் பக்கத்தைக் காட்டிவிட்டார்.

அம்மா விடுகிற ஆளா? கிம்னாசிய அதிபரைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். துணைக்கு மேல்மாடி சீன அன்ரி. உணவகத்தில் மரக்கறி வெட்டுகிற மனுசி. ஆனால் சீனாவில் மிஷனரிமார் நடத்திய பெண்கள் கல்லூரியில் படித்தவர். அம்மாவும் யாழ்ப்பாணத்தில் மிஷன் கல்லூரி. சமையலறையில் சந்தித்தால் போதும், இங்கிலீஷில் கல்லூரிக் கதைதான். எனக்கு ஒரு அட்சரம் விளங்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். அதிபருக்கு முன்னால் உட்காரக்கூடாது என்பது மிஷன் பழக்கம் என்று அம்மா அடிக்கடி சொல்லுவார்.

அதிபர் கதிரைகளைக் காட்டினார். இருவரும் அசையவில்லை.

“அம்மா, இருக்கச் சொல்லுறார்.”

“எங்களுக்கு நிண்டு பழக்கம் எண்டு சொல்லு.”

சொன்னேன். பெண்கள் நிற்கத் தான் உட்காருவதா என்று அந்தப் பாரமான மனுசனும் எழுந்தார். என் ஜெர்மன் போதாது, ஏலாது என்றார். “கேள்வி கேட்டுப் பாக்கச் சொல்லு” என்றார் அம்மா. அதிபர் கேட்டார், நான் பதில் சொன்னேன். பிறகும் இழுத்தார். கால் மாற்றி நின்றார், மணிக்கூட்டைப் பார்த்தார். சீன அன்ரி கைப்பையை மற்றக் கைக்கு மாற்றியதோடு சரி. ஐயோ, எனக்கு மானம் போனது. அகதி என்றாலும் இப்படியா பயப்படுவது!

கடைசியில் அதிபர் பெருமூச்சு விட்டார். “அரை வருசம் படிக்கட்டும், பார்ப்போம்.”

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, இருவரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

பஸ்ஸில் அம்மாவோடு சண்டை பிடித்தேன். “ஏன் அப்பிடிப் பயந்து நிண்டனீங்கள்? எனக்கு வெக்கமாப் போச்சு.” அம்மா அதை இங்கிலீஷில் சொல்ல, சீன அன்ரிக்குக் கண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அதே கிம்னாசியத்தில் இங்கிலீஷ் படித்த பிறகுதான் அவர்களுடைய சமையலறைக் கதை எனக்கு விளங்கியது. பெண் பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் போதும், விஞ்ஞானம் வேண்டாம் என்றாராம் சீன அன்ரியின் மிஷனரி அதிபர். பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. அவர் படிப்பித்த மரியாதைப்படியே, தலையைக் குனிந்துகொண்டு, காலையிலிருந்து முற்றத்தில் நின்றார்களாம். அதில் பலர் பிறகு டொக்டர்மாராக ஊரூராகப் போனார்களாம்.

அதிபர் ஓம் என்று சொல்லும்வரை ஒருத்தியும் உட்காரவில்லையாம்.