நங்கூரம் ஜெயவேலின் வலது பக்கம்

துரை எறிந்த துண்டு மேடையின் நடுவில் போய் விழுந்தது. துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு; சண்டை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஜெயவேல் குனிந்தார். கிளவுஸ் மாட்டிய இரண்டு கைகளாலும் துண்டை அள்ளி முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு அதைத் துரையின் மேலேயே திருப்பி வீசினார்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நடுவரும் சிரித்துவிட்டார். எதிரே நின்ற பெர்னார்ட், பெரம்பூர் ரயில்வேக்காரன், என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைத் தொங்கவிட்டான்.

"எவன்டா துண்டு போட்டவன்? நங்கூரத்துக்கே துண்டா?" என்று தகரத் தடுப்பின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"மச்சான்காரன்டா. அக்கா சொல்லி அனுப்சிருக்கும்!"

"அப்போ அக்காவ வந்து குத்தச் சொல்லு!"

நடுவர் துரையைப் பார்த்துக் கையை விரித்தார். "உன் ஆளு ஒத்துக்கலியேப்பா." சண்டை தொடர்ந்தது.

துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கன்னியம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். முதல் ரவுண்டு ஆடட்டும், ஜனங்கள் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள், இரண்டாவதில் துண்டைப் போட்டுவிடு என்றாள். காரணம் இருந்தது. மறுநாள் காலை ஜெயவேலுக்கு டாக்டர் பரிசோதனை. திருவொற்றியூர் சாலையில் ஒரு சரக்குக் கிடங்கில் வாட்ச்மேன் வேலை; நிரந்தரம். இரண்டு கண்ணும் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அந்த வேலைக்காகத் துரை கிடங்கு மானேஜரின் பின்னால் நாயாக அலைந்திருந்தான். ஜெயவேலுக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. இது போனால் இன்னொன்று வராது.

முந்தின நாள் குத்துச்சண்டைக்கு ஒப்புக்கொள்கிற மனிதனை என்ன செய்வது?

மணி அடித்தது. ஜெயவேல் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முக்காலி முனகியது. துரை ஸ்பாஞ்சை நனைத்து அவர் வலது கண்ணின் மேல் அழுத்தினான்.

"கண்ணு வீங்கிக்கினு கீது மாமா."

"எம்மாம்?"

"பாதி மூடிக்கிச்சு."

"பாதிதானா?"

"ஏன், முழுசா மூடணுமா? நாளிக்கு டாக்டரு இன்னா கேப்பாரு, தெரியுமா?"

"தெரியும்டா. தண்ணி குடு."

அவரிடம் பேசிப் பயனில்லை. எப்போதும் பயனிருந்ததில்லை. அவர் எடைதான் அவருக்கு எதிரி. சுவரொட்டிகளில் 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று போட்டு, இருப்பதிலேயே பெரிய எழுத்தில் அவர் பெயரை அடிப்பார்கள். ஆனால் அவரோடு மோத ஊரில் ஆள் கிடையாது. அவ்வளவு எடை உள்ளவர்கள் யானைக்கவுனிக் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் சண்டைக் காண்டிராக்டர்கள் ஆளை வெளியே தேடினார்கள். யுத்த காலத்தில் வெள்ளைப் பட்டாளத்துக்காரர்கள். பிறகு கப்பலில் கரி தள்ளுகிறவர்கள், கோலார் சுரங்கத்து ஆட்கள். யார் வந்தாலும் ஜெயவேல் போய் நின்றார். பயிற்சி எடுத்தவரில்லை. மூட்டை சுமந்துவிட்டு நேரே வந்து கால்சட்டை மாட்டுவார்.

ஜெயித்தது கொஞ்சம். தோற்றது நிறைய, எல்லாம் புள்ளிக் கணக்கில். விழுந்ததே இல்லை. அதனால்தான் நங்கூரம் என்று பெயர். புதிதாகக் கிளம்பும் பையன்களுக்கு முதலில் அவரைத்தான் போடுவார்கள். அவரை அடித்துக் கை வலிக்காமல் திரும்பினவன் பம்பாய், கல்கத்தா என்று போனான். அவர் ராயபுரத்திலேயே நின்றார். போனவர்கள் ஒருவரும் ஒரு கார்டு போட்டதில்லை. அதைச் சொன்னால், "அவனுக்கு எழுதத் தெரியாதுடா" என்பார். எல்லோருக்குமா தெரியாது?

கடந்த சில வருஷமாக இன்னொரு புகழும் சேர்ந்திருந்தது. வலது கன்னத்தில் குத்து வந்தால் நங்கூரம் இமைக்கக்கூட மாட்டான், தலையைத் திருப்ப மாட்டான், பார்த்துக்கொண்டே வாங்குவான் என்று டீக்கடைகளில் பேசினார்கள். துரையும் தான் வேலை பார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலையில் அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டவன்தான்.

இன்று அந்தப் பெருமையே எரிச்சலாக இருந்தது. பெர்னார்டுக்கு இடது கை பலம். அது ஊருக்கே தெரியும். ஜெயவேல் தன் வலது பக்கத்தை அவனுக்கு வாட்டமாகக் காட்டிக்கொண்டு நின்றார். மற்ற பக்கத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இடது கண்ணில் ஒரு கீறல் இல்லை. வலது கண் மூன்றாவது ரவுண்டில் முக்கால்வாசி மூடியது, நான்காவதில் காணாமலே போனது. துரை தொண்டை கிழியக் கத்தினான். மறுபடி துண்டை எடுத்தான். பின்னாலிருந்து ஒருவன் அதைப் பிடுங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டான்.

ஆறு ரவுண்டும் முடிந்தது. பெர்னார்டின் கையைத் தூக்கினார்கள். ஜனங்கள் ஜெயவேலுக்குக் கைதட்டினார்கள்.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கரித்தூள் கலந்த காற்று கடலிலிருந்து வந்தது. இரண்டு பேரும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் நடந்தார்கள். பேச்சை ஜெயவேல்தான் ஆரம்பித்தார்.

"கோச்சிக்காதடா மச்சான்."

"நான் யாரு கோச்சிக்க? மானேஜரு கால்ல வுழுந்தவன்தானே. அந்த வேலய வேற எவனுக்காச்சும் குடுத்துடச் சொல்லிடறேன்."

"வாணாம். நாளிக்குப் போவோம்."

"இந்தக் கண்ண வச்சிக்கினா?"

"இந்தக் கண்ணுக்கோசரம்தான்டா." ஜெயவேல் வீங்கிய கண்ணைத் தொட்டுக் காட்டினார். "இதுல ஒண்ணும் தெரியாது. கோலாருக்குச் சண்டைக்குப் போனப்ப வாங்கனது. அத்தோட போச்சு. நல்லா இருக்கசொல்ல டாக்டரு பாத்தார்னா பொட்டக்கண்ணுன்னு எழுதிடுவாரு. வீங்கிக் கெடந்தா? வீக்கத்தாலதான் தெரியலன்னு நெனச்சிக்குவாரு."

துரை நின்றுவிட்டான். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரன் திட்டிவிட்டுச் சுற்றிப்போனான்.

"அப்போ, நீ இமைக்கவே மாட்டேன்னு சொல்றாங்களே..."

"வர்றது தெரிஞ்சாத்தானே இமைக்கறது?"

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"சொன்னா சண்டைக்கு வுடுவானுங்களா? உங்கக்காவுக்குத் தெரியாது. வாயத் தொறக்காத."

துரைக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாலு பேரிடம் தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாரும் வீரம் என்று பார்த்தது ஒரு மனிதன் குத்து வருவது தெரியாமல் நின்றதை. அவர் முகத்தைப் பார்த்தான். அது சந்தோஷமாக இருந்தது. எரிச்சல் இன்னும் கூடியது.

வீட்டில் கன்னியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாடா, துண்டு போட்டியா?"

"போட்டேன்க்கா. அத்தால மூஞ்சத் தொடச்சிகினு திருப்பிப் போட்டுட்டாரு."

அவள் புருஷனின் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். இடது கண்ணைத்தான் முதலில் பார்த்தாள். விரலைக் காட்டி இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். அது விரலோடு போய் வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

"நல்ல கண்ணுக்கு ஒண்ணும் ஆவல. அது போதும்."

ஜெயவேல் தாடையை விடுவித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? கோலாருக்குப் போய் வந்ததுலேர்ந்து தண்ணிச் சொம்ப உனுக்கு எடது பக்கம்தான் வெக்கறேன். ஒரு நாளாச்சும் ஏன்னு கேட்டியா? அதுவும் போயிடப்போவுதுன்னுதான் துண்டப் போடச் சொன்னேன். வேல கெடச்சா ஆண்டவன் வுட்ட வழின்னு இருந்தேன். நீ இன்னாடான்னா மூஞ்சிய வாடகைக்கு வுட்டுட்டு வந்து நிக்கற!"

துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாதா?"

"நீ ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவ," என்றாள் கன்னியம்மா. ஒத்தடத்துக்கு உப்பை வறுக்க உள்ளே போனாள்.

மறுநாள் காலை துரை ஜெயவேலைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் வருவதற்குப் பத்தரை ஆயிற்று. இடது கண்ணால் ஜெயவேல் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தார். டாக்டர் வலது இமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தார். ரத்தம் கட்டியிருந்தது. எப்படி ஆயிற்று என்று கேட்டுவிட்டு, இங்கிலீஷில் கொஞ்ச நேரம் திட்டினார். வீக்கம் வடிந்ததும் ஒரு மாதம் கழித்து அந்தக் கண்ணை மட்டும் காட்ட வேண்டும், அதுவரை வேலை பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மானேஜர் ஒரு காக்கிச் சட்டை தந்தார். இருந்ததில் பெரியது; அக்குளில் இறுக்கியது.

அங்கிருந்து ஜெயவேல் நேரே சண்டைக் காண்டிராக்டரிடம் போனார். டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தின நாள் ஒரு சண்டை வேண்டும், எதிராளி இடது கை ஆளாக இருக்க வேண்டும் என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் காண்டிராக்டர். துரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் ஜெயவேல் கிடங்கு வாசலில் போய் நின்றார். துரை தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டுக்கு அரை மணி தாமதமாகப் போனான். அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.