மாமன் பிரித்த ஓலை

வினோதினிக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து பழக்கமே கிடையாது. வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கே தெரியும்: கடைக்கு அனுப்பினாலும் ஓட்டம்தான், பஸ்ஸைப் பிடிக்கவும் ஓட்டம்தான். ஒன்பதாம் வகுப்பில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரியவளானாள். வந்தது வினை.

அவளுடைய அம்மா ரேவதி ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை பெருக்குகிறவள். அங்கே தங்கும் வெள்ளைக்காரப் பெண்கள் விடிந்ததும் அரை டிரவுசரோடு மலையைச் சுற்றி ஓடுவதை வாய் ஓயாமல் மெச்சுவாள். சொந்தப் பெண் என்று வந்ததும் ஊர் என்ன பேசுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. தாய்மாமன் சக்கரபாணி செங்கம் பக்கத்திலிருந்து வந்து, முறைப்படி கூடத்து மூலையில் பச்சைத் தென்னை ஓலையால் குடிசை கட்டினார். சடங்கு முடியும்வரை அவள் அதற்குள்தான் இருக்க வேண்டும். போட்டி வெள்ளிக்கிழமை, சடங்கோ ஞாயிற்றுக்கிழமை.

பார்க்கப் போன எனக்கே மூச்சு முட்டியது. உள்ளே அந்தப் பெண் ஓலையைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தூக்கத்தில்கூடக் காலை உதைக்கிறாள் என்று ரேவதி சொன்னாள், ஏதோ கைக்குழந்தையின் சேட்டை போல. எனக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை சாயந்திரம் சீர் விஷயம் பேச சக்கரபாணி மறுபடி வந்தார். அம்மாவிடம் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போனவள் ஓலைக்குள்ளிருந்தே மாமனைக் கூப்பிட்டாள்.

“மாமா, நாளைக்கு மட்டும் ஓட்றேன். அப்புறம் நீங்க சொல்ற எடத்துல உக்கார்றேன்.”

அவர் எழுந்து ஓலையைப் பிரிக்க ஆரம்பித்தார். ரேவதி குறுக்கே வந்து நின்றாள். சொந்தக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது, மைதானத்துப் பக்கமே நான் வரமாட்டேன் என்று கத்தினாள்.

“ஓல கட்றது மாமன் முறைன்னா பிரிக்கறதும் மாமன்தான். எவனாவது கேட்டா நான்தான் பிரிச்சேன்னு சொல்லு.”

மறுநாள் அவரே பைக்கில் கூட்டிப்போனார். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நானும் போனேன். முதல் சுற்றில் அவள்தான் முன்னால். வாரமெல்லாம் முடங்கிக் கிடந்த கால் இரண்டாம் சுற்றில் இழுத்துக்கொண்டது. நான்காவதாக வந்து, மண்ணில் விழுந்து அழுதாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேவதி வந்தாள், வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, கையில் உளுந்தங்களி டப்பாவோடு. மகள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“நான்தான்டி உன்ன உக்கார வெச்சிட்டேன். இல்லன்னா ஜெயிச்சிருப்ப.”

வினோதினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பேசாம ஊட்டும்மா. பசிக்குது.”