மகாராணியின் முழங்கை

எட்டுத் திசையையும் ஆண்ட எந்தச் சக்கரவர்த்திக்கும் இத்தனை குடிமக்கள் இருந்ததில்லை. மகாராணிக்கு முழங்கை மடிப்பில் மட்டுமே அத்தனை பேர், அத்தனையும் கிருமிகள். அவர்களைத்தான் இப்போது தட்டிக்கொண்டிருக்கிறாள். அரித்தாலும் சொறியக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு, தட்டலாம். டப், டப், டப். சத்தத்தை வைத்தே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று வீடு சொல்லிவிடும். அந்தத் தாளத்துக்குத் தங்கை, அதாவது இதை எழுதுகிறவள், இடுப்பை வெட்டி ஆடிக் காட்டுவாள். அக்காவுக்கு மகாராணிப் பட்டம் கொடுத்ததும் அவளே.

மகாராணிக்கு உத்தியோகம் ஆய்வுக்கூடத்தில். நோயாளிகளின் தோலைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி, தட்டில் தடவிக் கிருமி வளர்ப்பாள். கை சும்மா இருக்காமல் ஒருநாள் தன் முழங்கையையும் தங்கையின் முழங்கையையும் ஒற்றி எடுத்துப்போய், வளர்ந்ததைப் படம்பிடித்து வந்தாள். தங்கையின் தட்டில் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம்போல ரகரகமாய்ச் சில புள்ளிகள். மகாராணியின் தட்டு முழுக்க ஒரே இனம், ஒரே பொன்னிறம்.

“அழகா இருக்குல்ல?” என்றாள் மகாராணி, தன்னைத் தின்பவர்களைக் காட்டி. “மத்ததுங்க இருந்தா இதை அடக்கி வெச்சிருக்கும். என் தோல் ஓட்டை மதில்டி. இது உள்ள நுழையுது, ஒடம்போட காவக்காரன் விசில் ஊதுறான். அந்த விசில் நரம்புல கேக்குது பாரு, அதான் அரிப்பு. கேட்டதும் நான் என்ன பண்றேன்? நகத்தால மதிலை இன்னும் இடிக்கிறேன்.”

காவல்காரனை வேலையை விட்டுத் தூக்கிவிடலாமே என்றாள் தங்கை.

“அவன் ஊதலைன்னா ஆளே காலி. மெதுவா ஊதுடான்னு சொல்லத்தான் இந்தக் களிம்பு.”

ஒரு ஆளின் தோலுக்குள் இவ்வளவு பெரிய ஊர்ச்சண்டையா என்று தங்கை தன் கையையே வெகுநேரம் புரட்டிப் பார்த்தாள்.

இந்த வாரம் மகாராணியின் விரல்களும் வெடித்துவிட்டன. வெடித்த விரலோடு கிருமித் தட்டைத் தொடக் கூடாது. திங்கட்கிழமைக்குள் ஆறாவிட்டால் வரவேற்பு மேசைக்கு மாற்றிவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். “அங்க உக்காந்து சிரிக்கணுமாம்” என்றாள், ஆயுள் தண்டனை வாங்கிய குரலில். விழித்திருந்தால் தட்டிச் சமாளிப்பாள். தூங்கிவிட்டால் கை யார் பேச்சையும் கேட்காது.

ஞாயிறு மதியம் களிம்பு பூசிக்கொண்டு அசந்தாள். தங்கை பூனைநடை நடந்துபோய், துவைத்த பருத்திக் காலுறையை அவள் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் தளர முடிச்சுப் போட்டாள். எட்டிப் பார்த்த அம்மா முறைத்தாள்.

“சும்மா வெளாட்டுக்கும்மா. எழுந்ததும் எப்படி முழிக்கிறாள்னு பாரேன்” என்று தங்கை கிசுகிசுத்தாள்.

மகாராணி கண்ணைத் திறக்கவில்லை. வலது கையையும் நீட்டினாள்.