ஆக்சிஜன் மீட்டர் மேல் மாமனார் பெயர்

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்கு இதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

எங்கள் அவிநாசிப் பசங்க சேர்ந்து நடத்தும் இலவச ஆம்புலன்ஸுக்கு மாமனார் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். இன்று அவரோடு வண்டியைப் பார்க்கப் போனேன். பாப்பாவுக்கு வீசிங் உண்டு. மூச்சு முட்டினால் வரப்போவது இந்த வண்டிதான். அதனால் உள்ளே ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரின் கண்ணாடி மேலேயே ‘உபயம்’ ஸ்டிக்கர். மாமனார் பெயர்.

"ஏனுங்ணா, எவ்வளவு இருக்குதுன்னு எப்படிப் பாப்பீங்க?"

"ஐயா பேரு பளிச்சுனு தெரியோணுமல்லங்க," என்றார் டிரைவர்.

மாமனார் பக்கத்திலேயே நிற்கிறார். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"மாமா, இதக் கிழிக்கோணுங்க."

அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். டிரைவர் வால்வைத் திறந்தார். முள் எழவே இல்லை. சிலிண்டர் காலி.

"ரெண்டு மூணு ஓட்டம் போச்சுங்க. தீந்தது தெரியலீங்க," என்றார்.

வேறு சிலிண்டர் மாட்டும்வரை நான் நகரவில்லை. முள் பச்சைக்கு ஏறியதும் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். இனி ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு!

திரும்பும் வழியில் மாமனார் மெதுவாகக் கேட்டார்: "அம்மணி, அந்த ஸ்டிக்கர இனி எங்க ஒட்டறது?"

டிரைவருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மட்டும் வேண்டாம் என்றேன். வேறு இடம் தெரிந்தால் சொல்லுங்களேன்.