இரண்டு மஞ்சள், ஒரு மஞ்சள், சிவப்பு

மச்சானின் கீபோர்டில் ஒரே ஓர் எழுத்து மட்டும் தேய்ந்து அழிந்திருக்கும். இடப்பக்க மேல்வரிசையில் இருக்கும் ‘கியூ’. கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டில் மஞ்சள் சிக்னல் வரும்போதெல்லாம் ஒரு ஒலி அலறும். ‘பார்த்துவிட்டேன்’ என்பதற்கு அடையாளமாக அந்த எழுத்தை உடனே அழுத்த வேண்டும். தவறினால் ரயில் தானாக நின்றுவிடும். அழுத்தி அழுத்தியே எழுத்தை அழித்த மனிதர் என் மனைவியின் அண்ணன்.

விளையாடுகிறவர்கள் பொதுவாக மலையும் பனியும் உள்ள பாதைகளைத் தேடுவார்கள். மச்சானுக்கு அதெல்லாம் வேண்டாம். பெரிய நகரத்துக்குள் நுழையும் பாதை, நூறடிக்கு ஒரு சிக்னல், தண்டவாளங்கள் பின்னிக் கிடக்க வேண்டும். செபராங் ஜெயாவில் உள்ள தன் ஆபீஸில் மதியச் சோறு சாப்பிடும்போதுகூட, அப்படி ஒரு பாதை எங்கே கிடைக்கும் என்று இணையத்தில் முகம் தெரியாதவர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். “பச்சையாவே வந்துகிட்டு இருந்தா நான் எதுக்குலா?” என்பார்.

பல வருஷங்களுக்கு முன், ஒரு விபத்துக்குப் பிறகு, நான் ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில் முடங்கிக் கிடந்தேன். மோட்டார் சைக்கிளில் மகளை டியூஷனுக்குக் கூட்டிப் போனபோது ஒரு சந்திப்பில் விளக்கு மஞ்சளானது. இங்கே மஞ்சளைக் கண்டால் யாரும் நிற்பதில்லை, முறுக்குவோம். நானும் முறுக்கினேன். குறுக்கே வந்த வேன் எங்களைத் தட்டிவிட்டது. என் கால் காயம் ஆறிவிட்டது, எட்டு வயதுப் பிள்ளையின் கையில்தான் மாவுக்கட்டு. யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மோட்டார் சாவியை நான் தொடவே இல்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மச்சான் எங்களை ஆயர் ஈத்தாமில் இருந்த தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். “புது ரூட் மாப்ளே. சிக்னல் ரொம்ப நெருக்கம், எனக்கு ஒரு ஜோடிக் கண்ணு பத்தல. பக்கத்துல உக்காந்து நீங்க கூப்பிட்டுச் சொல்லுங்க.”

உட்கார்ந்தேன். முதல் மஞ்சளைக் கண்டதும் என்னையறியாமல், “மஞ்சள்! போங்க, போங்க!” என்று கத்தினேன். நான் சொன்னபடியே அவர் வேகத்தைக் கூட்டினார். ரயில் சிவப்பைத் தாண்டியது, ஆட்டம் முடிந்தது. மச்சான் சிரிக்கவில்லை. “இங்க ரெண்டு மஞ்சள்னா மெதுவா போகணும். ஒரு மஞ்சள்னா அடுத்தது செவப்பு. மறுபடியும் போவமா?” என்றார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது ரயில் தொடக்க நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தது.

அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள். மகளும் மாவுக்கட்டோடு பின்னால் நின்று கூவத் தொடங்கினாள். கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் அவளே கேட்டாள்: “அப்பா, நாளைக்கு ஸ்கூலுக்கு மோட்டார்ல விடுறீங்களா?” மறுநாள் அதே சந்திப்பில் விளக்கு மாறியது. “ஒரு மஞ்சள்!” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நான் நின்றேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

இப்போது மகள் வேலைக்குப் போகிறாள். மச்சானின் பார்வையைச் சர்க்கரை நோய் பெரும்பாலும் தின்றுவிட்டது. புதுப் பாதைகளைத் தேடித் தருவது என் வேலை. போன மாதம் அவருடைய பழைய ஓட்டங்களின் பதிவைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டேன். கண் பத்தவில்லை என்று சொன்னாரே, அந்தப் பாதையை எங்களைக் கூப்பிடுவதற்கு முந்தைய வாரமே அவர் தனியாக, ஒரு பிழையுமில்லாமல் பதினொரு முறை ஓட்டி முடித்திருந்தார்.

நன்றி என்று ஆரம்பித்தால், “என்னலா மாப்ளே” என்று வெட்டிவிடுவார்.

“சிக்னல் நெறைய இருக்கா?” என்றார் நேற்று.

“நெறைய இருக்கு மச்சான்.”

அவர் விரல் கீபோர்டின் மேல் தடவிக்கொண்டே போய், வழுவழுப்பான அந்த ஒன்றைக் கண்டுபிடித்து நின்றது. ரயிலை நான் கிளப்பினேன். “ரெண்டு மஞ்சள்,” என்றேன். ஒலி அலறுவதற்குள் அழுத்திவிட்டார்.