பறந்தானா, பறஞ்ஞானா?

பிள்ளைகளே, காலையில் நீங்கள் படக்கதைப் புத்தகத்தில் கொட்டின தேங்காய்த் தண்ணீரின் வாடை, என்னை நாலாம் வகுப்பு நாட்களின் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலுக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்ற குட்டன் அண்ணன், தமிழ்ப் படக்கதைகளையும் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். மலையாளியான அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால், தேங்காய் சிதறும் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழிய நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

ஒருநாள், மலை தாண்டிப் பறந்த வீரன் அடுத்த பக்கத்திலேயே, தாயைக் காப்பாற்றப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றான். அதுவரை அவனோடு பறந்த நான் தொப்பென்று விழுந்தேன். எழுதினவனுக்குத் தான் எழுதினதே ஞாபகம் இருக்காதா? எரிச்சலில் புத்தகத்தை எறியப் போனேன்.

"எந்தாடா கோபம்? பஸ்ஸுக்கு நின்னா என்ன?"

"அவன் பறந்தவனாக்கும் அண்ணா!"

"பறந்தானா? என் காதுல பறஞ்ஞான்னல்லே கேட்டது! வாயால பறஞ்ஞவன் பஸ்ஸுலதானே போவான்!"

மலையாளத்தில் 'பறஞ்ஞான்' என்றால் 'சொன்னான்' என்று அர்த்தம். இத்தனை நாளும் அவர் கேட்டது ஒரு வாய்ச்சவடால்காரனின் கதை. அதில் ஓட்டையே இல்லை.

இன்று நீங்களும், பறக்கிறவன் ஏணி தேடுகிறானே என்று புத்தகத்தை வீசிவிட்டு விளையாடப் போய்விட்டீர்கள். நான் அதை வெயிலில் உலர்த்தி, 'பறந்தான்' என்று வந்த இடத்திலெல்லாம் பென்சிலால் 'பறஞ்ஞான்' என்று திருத்தி, முதலிலிருந்து சத்தமாக வாசித்தேன்.