வலிக்கவே இல்லை சார்

போன மாதம் முழுக்க தினமும் காலையில் எனக்கு ஒரு போன் வரும்.

"அங்கிள், பல்லு பத்திரமா இருக்கா?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு ஆளில்லை. பல்லை விசாரிக்க மட்டும் ஓர் ஆள்... பெயர் நஸ்ரின். மதுரையில் பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கிற பெண்.

மேலூரில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பல் கிளினிக் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவக் கல்லூரியோடு ஒப்பந்தம். மாணவர்கள் வந்து வைத்தியம் பார்ப்பார்கள், பேராசிரியர் பக்கத்தில் நின்று அவர்களைத் திட்டுவார், நமக்குச் செலவில்லை. பல் கூசுகிறதே என்று நானும் போய் வாயைத் திறந்தேன். எட்டிப் பார்த்த நஸ்ரினின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். என் வாயைப் பார்த்து இதுவரை யாரும் அப்படிப் பூரித்ததில்லை.

விஷயம் வேறொன்றுமில்லை. இறுதித் தேர்வில் நிஜமான பல்லில் சொத்தையைச் சுரண்டி, அடைத்துக் காட்ட வேண்டுமாம். பல்லோடு கூடிய ஆளை மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சொத்தை ரொம்பச் சின்னதாக இருந்தால் ஆகாது. வேர் வரை போயிருந்தாலும் ஆகாது. என் கடைவாய்ப் பல்லில் இருந்தது அளவெடுத்துச் செய்த சொத்தை!

"முறுக்கு வேணாம், கரும்பு வேணாம் அங்கிள். வேற ஸ்டூடண்ட்ஸ் கேட்டா வாயைத் திறக்காதீங்க" என்றாள். அவர்களும் என் பல்மேல் ஒரு கண் வைத்திருந்தார்களே... நிச்சயமான மாப்பிள்ளையைப் போல என்னைக் காவல் காத்தாள்.

போன வாரம் கிளினிக்கிலேயே தேர்வு. நஸ்ரின் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். "கேஸ் செல்லாதுன்னு சொல்லிட்டா ஆறு மாசம் கழிச்சுத்தான் அங்கிள் திரும்ப வரணும்."

வெளி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் திருவாதவூர் விவசாயி கருப்பையா. வேறொரு மாணவரின் 'கேஸ்'. என் காதருகே குனிந்தார்.

"அண்ணே, பெரிய டாக்டரு வலிக்குதான்னு கேப்பாரு. உசுரே போனாலும் வலிக்கலைன்னு சொல்லிருங்க. இல்லாட்டி அந்தப் புள்ளைக்கு மார்க்கக் கொறச்சுருவாங்க."

நியாயமாகத்தான் பட்டது.

உள்ளே, தேர்வாளராக வந்திருந்த அந்தப் பெரிய டாக்டர் பஞ்சில் எதையோ புஸ்ஸென்று அடித்து, சில்லென்று என் சொத்தைப் பல்லில் வைத்தார். வலி உச்சந்தலை வரை ஏறி இறங்கியது. கால் விரல்களைச் சுருட்டிக்கொண்டு சிரித்தேன்.

"வலிக்கவே இல்லை சார். பொண்ணுக்கு ரொம்ப நல்ல கை."

"அவங்க இன்னும் எதுவுமே செய்யலையே" என்ற தேர்வாளர், நஸ்ரின் பக்கம் திரும்பினார். "பல்லுக்கு உயிரே இல்லையேம்மா. இந்தக் கேஸ் செல்லாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உயிருள்ள பல் என்றால் வலிக்க வேண்டும். வலித்தால்தான் தேர்வு! நஸ்ரின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு என்னை நாலு அறை விடலாம் போலிருந்தது.

நம் ஊரில் இது ஒரு வியாதி. விருந்துக்குப் போனால் பசிக்கலை என்போம். பஸ்ஸில் காலை மிதித்தவர் ஸாரி சொன்னால் பரவாயில்லை என்போம் — அவர் இன்னும் காலை எடுத்திருக்கக்கூட மாட்டார்.

"சார், பொய் சொல்லிட்டேன். பயங்கரமா வலிச்சுச்சு" என்றேன்.

"இப்ப இவங்க முகத்தைப் பாத்துட்டுச் சொல்றீங்க" என்றார். நம்பவில்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மறுபடி பஞ்சை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தார். எந்தப் பல் எப்போது என்று எனக்குத் தெரியாது. ஆண்டவா, வலிக்கணும்... நல்லா வலிக்கணும். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து இப்படி வேண்டிக்கொண்டவர் வேறு யாராவது உண்டா?

வலித்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்த ட்ரே கீழே விழுந்தது.

"உயிர் இருக்கு. ஆரம்பிங்கம்மா."

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, அழகாக அடைத்து முடித்தாள். "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார் தேர்வாளர். அந்தப் பெண்ணைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

வெளியே வந்ததும் கருப்பையா ஓடி வந்தார். "என்னண்ணே, உள்ள அம்புட்டுச் சத்தம்? கத்துனாத்தான் மார்க்கா?"

வாய் மரத்துக் கிடந்தது. விளக்கம் சொல்ல வழியில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்தது அவர்தான். திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன்; நாற்காலியில் சாய்ந்தார். தேர்வாளர் ஸ்பிரேயைக் கையில் எடுத்தார். கருப்பையா போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

தேர்வாளர் இன்னும் மூடியையே திறக்கவில்லை.